கீழ்வீட்டு அம்மாளுக்கு என்ன கொண்டு போவது?



ஜப்பானில் மகள் வீட்டில் இரண்டு மாதம் இருந்துவிட்டுத் தென்காசி வந்து சேர்ந்தேன் என்று தெரிந்த நாளிலிருந்து "சார், ஒரு பதிவு போடுங்க" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். புல்லட் ரயிலையும் ஃபுஜி மலையையும் யூடியூப்காரர்கள் என்னைவிட நன்றாகவே காட்டிவிடுகிறார்கள். நான் எழுத வந்தது வேறு. போவதற்கு முன்னால், ஒரு அம்மாளுக்கு என்ன வாங்கிக்கொண்டு போவது என்று தெரியாமல் ஒரு மாதம் நான் பட்ட பாடு. கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும். வகுப்பில் மணி அடித்த பிறகும் பேசிக்கொண்டிருப்பவன் என்பது உங்களுக்குத் தெரியாததா?

என் மகள் குடும்பம் டோக்கியோவில் எடோகாவா வார்டில், நிஷிகசாய் என்ற பகுதியில் இருக்கிறது. நம் நாட்டுக்காரர்கள் நிறையப் பேர் குடியிருக்கும் இடம். 2020 நவம்பரில் அவளுக்கு இரண்டாவது பிரசவம். கொரோனா காலம், ஜப்பான் எல்லையை மூடியிருந்தது. என் வீட்டுக்காரி அதற்கு ஆறு மாதம் முன்பே சுக்கு, மிளகு, திப்பிலி எல்லாம் காயவைத்து, பிள்ளைக்குப் போட என்று பழைய நூல்சேலைகளைக் கிழித்துத் துவைத்து மடித்துப் பெட்டியில் வைத்திருந்தாள். பெட்டி அப்படியே இருந்தது. மருமகனை ஆஸ்பத்திரிக்குள் விடவில்லை. வீட்டில் மூன்று வயதுப் பேத்தி. அப்போது கீழ்வீட்டில் இருந்த வயதான அம்மாள் மேலே வந்து, குழந்தையைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். ஆறு நாள் பகல் முழுக்கத் தன் வீட்டிலேயே வைத்துக்கொண்டு சோறு ஊட்டி, தூங்கவைத்து, சாயந்திரம் மருமகன் வந்ததும் ஒப்படைத்திருக்கிறார். மகள் வீட்டுக்கு வந்த பிறகும் ஒரு மாதம் தினமும் ஒரு வேளைச் சாப்பாடு கீழேயிருந்து வந்ததாம். பேத்தி அவரை இன்றைக்கும் "ஒபாச்சான்" என்றுதான் கூப்பிடுகிறாள். பாட்டி என்று அர்த்தம்.

இதைப் போனில் கேட்ட அன்று என் வீட்டுக்காரி சொன்னாள்: "பெத்தவ செய்ய வேண்டியதை யாரோ ஒரு அம்மா செஞ்சிருக்கா. நம்ம வீட்டுல இருந்து அவளுக்கு ஏதாவது செய்யணும், கேட்டீங்களா." செய்யலாம் செய்யலாம் என்று நானும் சொன்னேன். 2022 மார்ச்சில் அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

காரியத்துக்கு வந்திருந்த மகள் திரும்பும்போது இரண்டடி உயரப் பித்தளைக் குத்துவிளக்கு ஒன்றை வாங்கிக் கட்டிக் கொடுத்துவிட்டேன். நம் ஊரில் சீர் என்றால் முதலில் விளக்குத்தானே. மகள் தயங்கினாள். "பெரிசா இருக்கேப்பா" என்றாள். "அவங்க செஞ்சது சின்னதா?" என்று கேட்டு வாயை அடைத்துவிட்டேன். வாத்தியார் புத்தி.

நடந்தது என்ன தெரியுமா? விளக்கை வாங்கிக்கொண்ட பத்தாவது நாள் அந்த அம்மாள் மரப்பெட்டியில் வைத்த ஒரு முலாம்பழத்தோடு மேலே வந்திருக்கிறார். அங்கே அன்பளிப்புக்கென்றே விற்கும் முலாம்பழம் உண்டு, ஒரே பழம் நம் பணத்தில் சில ஆயிரம் ரூபாய். அதோடு ஒரு உறை. கறுப்பும் வெள்ளையுமாக நூல் முடிச்சுப் போட்ட உறை. என் வீட்டுக்காரி இறந்ததற்காக. உள்ளே பத்தாயிரம் யென். அந்த உறையில் புது நோட்டு வைக்க மாட்டார்களாம். சாவை எதிர்பார்த்து எடுத்து வைத்தது போல ஆகிவிடும் என்று மடிப்பு விழுந்த நோட்டாகப் பார்த்து வைப்பார்களாம். சாவுக்கு வந்த பணத்துக்குப் பாதி மதிப்பில் திருப்பிச் செய்வது அவர்கள் முறை. அதனால் மகள் தேயிலைப் பெட்டி வாங்கிக் கொடுக்க, அதற்கும் அவர் ஒரு துண்டு கொடுக்க… மூன்று மாதம் இந்த ஏற்ற இறக்கம் நடந்திருக்கிறது.

"அப்பா, அவங்க ரெண்டு பேரும் பென்ஷன்ல இருக்கிறவங்க. உங்க விளக்கு அவங்களுக்குச் செலவு வச்சிருச்சு" என்றாள் மகள். எனக்குச் சுருக்கென்றது. நானும் பென்ஷன்காரன்தானே.

ஆற அமர யோசித்தால் இதில் நமக்குப் புதிதாக ஒன்றுமே இல்லை. நம் வீட்டு அலமாரியில் மொய் நோட்டு இல்லையா? என் மகள் கல்யாணத்துக்கு யார் எவ்வளவு செய்தார்கள் என்று பக்கம் பக்கமாக எழுதி வைத்து, அவரவர் வீட்டு விசேஷத்துக்கு நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டுத்தானே கிளம்புகிறோம். பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் ஆடி மாதம் மொய் விருந்து என்றே தனியாக வைத்து வசூல் செய்கிறார்கள். ஜப்பானிலும் சாவுப் பணத்துக்கு நோட்டு உண்டு. நாம் 100 வைக்காமல் 101 வைப்பது போல, அவர்கள் கல்யாணத்துக்கு ஒற்றைப்படையில் வைக்கிறார்கள். இரட்டைப்படை என்றால் இரண்டாகப் பிரிந்துவிடுமாம். அன்பளிப்பை இரண்டு கையாலும் நீட்டுகிறார்கள், இரண்டு கையாலும் வாங்குகிறார்கள். கொடுத்தவர் முன்னால் பிரித்துப் பார்ப்பதில்லை. இதையெல்லாம் நம் பாட்டிமார்கள் நமக்குச் சொல்லித் தந்ததுதானே?

2024 ஜூலையில் நானே போவது என்று முடிவானபோது இந்த விளக்குக் கதைதான் முதலில் நினைவுக்கு வந்தது. பெரிதாகக் கொடுத்தால் அவர்களுக்குப் பாரம். சின்னதாகக் கொடுத்தால் என் மனசு கேட்காது.

டெக்சாஸில் இருக்கும் தம்பி மகனிடம் கேட்டேன். கம்பெனி வேலையாக நாலைந்து முறை ஜப்பான் போய் வந்தவன். "பெரியப்பா, நான் முதல் தடவை அமெரிக்கக் கொடி போட்ட காபிக் கோப்பை வாங்கிட்டுப் போனேன். சிரிச்சிட்டு வாங்கி அலமாரியில வச்சாங்க, அடுத்த வருஷம் போனப்பவும் அதே இடத்துல இருந்துச்சு. அடுத்த தடவை எங்க ஊர்ல விளையற பீக்கான் பருப்பு மிட்டாய் கொண்டு போனேன். தனித்தனியாத் தாள்ல சுத்துனது. பத்து நிமிஷத்துல ஆபீஸ் முழுக்கப் போயிருச்சு. எங்க ஊர்ல அந்த மரம் எங்க நிக்குன்னு போன்ல படம் காட்டச் சொன்னாங்க" என்றான். அவன் சொன்ன விதி இதுதான்: உங்கள் ஊரில் விளைந்ததாக இருக்க வேண்டும், ஒரு வாரத்தில் தின்று தீர்க்கக்கூடியதாக இருக்க வேண்டும், விலை வெளியே தெரியக்கூடாது. ஊருக்குப் போய் வந்தால் அக்கம்பக்கத்துக்கும் அலுவலகத்துக்கும் அந்த ஊர்த் தின்பண்டம் கொண்டு வருவதற்கு அங்கே "ஒமியாகே" என்று தனிப் பெயரே இருக்கிறது. அமெரிக்காவில் இருந்து போனாலும் ஆழ்வார்குறிச்சியில் இருந்து போனாலும் அதே சட்டம்தான்.

நம் ஊரில் விளைவது என்றதும் நேரே குற்றாலம் போனேன். ஜூன் கடைசி, நல்ல சாரல். மெயினருவிக்குப் போகும் வழியில் பழக்கடைகளில் மங்குஸ்தானும் ரம்புட்டானும் குவிந்து கிடந்தன. கிழக்கிந்திய கம்பெனி காலத்தில் ஜாதிக்காயும் கிராம்பும் கொண்டு வந்து வைத்துப் பார்த்த மலையடிவாரம் இது. கடைக்காரன் என்னிடம் ஏழாம் வகுப்பு படித்தவன். "சார், ஜப்பானுக்கா? கனத்த தோலாப் பாத்துப் பொறுக்கித் தாரேன்" என்று இரண்டு கிலோ மங்குஸ்தான் எடுத்துப் போட்டு, காசு வாங்க மாட்டேன் என்று மல்லுக்கு நின்றான். படம் எடுத்து மகளுக்கு அனுப்பினேன். அடுத்த நிமிடம் போன்.

"அப்பா, அதைக் கொண்டு வந்தா ஏர்போர்ட்லயே பிடுங்கிருவாங்க."

பழ ஈ பயமாம். இந்தியாவிலிருந்து பச்சைப் பழம் எதையும் கையில் கொண்டுபோக முடியாது. மாம்பழத்தைக்கூட ஆவியில் சூடுகாட்டிச் சான்றிதழோடு அனுப்பினால்தான் உள்ளே விடுவார்கள். அந்த இரண்டு கிலோவையும் எங்கள் தெருப் பிள்ளைகள் தின்று தீர்த்தார்கள்.

திருநெல்வேலி அல்வா? அந்த அம்மாள் இனிப்பை ஒரு நகக்கண் அளவுதான் எடுப்பார், நெய் ஒத்துக்கொள்ளாது என்றாள் மகள். சரி, அல்வா மகளுக்கு மட்டும். கோவில்பட்டி கடலைமிட்டாய் தேறியது. 2020-ல் புவிசார் குறியீடு வாங்கிய சரக்கு என்று சொல்லிக்கொள்ளலாம். கடையில் தனித்தனியாகத் தாளில் சுற்றித் தரச் சொன்னேன். அது மருமகன் அலுவலகத்துக்குப் போதும். கீழ்வீட்டுக்கு?

அப்போதுதான் பாய் நினைவுக்கு வந்தது. ஜப்பான்காரர்கள் பாயில் வாழ்ந்தவர்கள். தாத்தாமி என்பது இகுசா என்ற ஒருவகைக் கோரையில் பின்னிய பாய்தான். அறை எவ்வளவு பெரியது என்பதை இன்றும் இத்தனை பாய் அகலம் என்றுதான் சொல்கிறார்கள். நம்மிடம் பத்தமடை இருக்கிறதே! அம்பாசமுத்திரம் வழியாகப் பஸ் ஏறிப் போய்ச் சேர்ந்தேன். என்னிடம் படித்த பெண் ஒருத்தியின் மாமியார் அங்கே தறி வைத்திருக்கிறார். தாமிரபரணிக் கரைக் கோரையைப் பச்சையாக அறுத்து, காயவைத்து, கீறி, ஓடுகிற தண்ணீரில் நாள் கணக்கில் ஊறப்போட்டு, மறுபடி காயவைத்து, தலைமுடிபோல் கிழித்து நெய்கிறார்கள். நூற்றுக்கு மேல் பாவுநூல் ஓடும் பட்டுப்பாய் என்றால் கைக்குட்டைபோல் மடியும். பெண்கள் கைவேலை. அந்த அம்மா தறியில் குனிந்தபடியே எனக்குப் பதில் சொன்னார். ஒரு தடவைகூடக் கை நிற்கவில்லை.

"வாத்தியாரையா, கல்யாணப் பாய்க்குப் பேரு போடுற மாதிரி அவங்க பேரை நெய்ஞ்சு தந்துரவா?"

எனக்கு ஒரே சந்தோஷம். கீழ்வீட்டுத் தம்பதி பெயரைத் தமிழ் எழுத்தில் எழுதிக்கூடக் கொடுத்துவிட்டேன். ராத்திரி மகளிடம் சொன்னால், "ஐயோ அப்பா, பேரு வேண்டாம். கால் படுற பாயில பேரு போட்டா அவங்க அதைத் தரையில விரிக்கவே மாட்டாங்க. சுவத்துல மாட்டிருவாங்க" என்றாள். தாத்தாமியின் ஓரப் பட்டையை மிதிக்கக் கூடாது என்பது அங்கே சின்ன வயதிலேயே சொல்லித் தருவது. அந்தக் காலத்துப் பெரிய வீடுகளில் அந்தப் பட்டையில் குடும்பச் சின்னம் இருக்குமாம். மறுநாள் காலையில் பத்தமடைக்குப் போன் போட்டுப் பெயரை நிறுத்தினேன்.

முழுப்பாயும் வேண்டாம் என்று முடிவானது. பழைய குத்துவிளக்கு புத்தி வருகிறதா என்று என்னையே கேட்டுக்கொண்டேன். ஒருத்தர் உட்காரும் அளவுக்குத் தடுக்கு நெய்யச் சொன்னேன். அதிலும் ஒரு தடங்கல். நான் நாலு தடுக்கு சொல்லியிருந்தேன். ஜப்பானில் நாலு என்ற எண்ணுக்கும் சாவுக்கும் ஒரே உச்சரிப்பு, ஒன்பதுக்குத் துன்பத்தின் உச்சரிப்பு. கடைசியில் இரண்டு தடுக்கு. ஓரத்தில் சிவப்பும் பச்சையும். விலையைக் கேட்டால் சிரிப்பீர்கள், குத்துவிளக்கில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அந்தக் கைவேலைக்கு அது குறைச்சல் என்று எனக்குப் பட்டது. கூட வைத்துக் கொடுத்ததை அந்த அம்மா வாங்கவில்லை.

திருவனந்தபுரத்தில் விமானம் ஏறி சிங்கப்பூர் வழியாக நரிட்டாவில் இறங்கினேன். தடுக்குகளை மஞ்சப்பையில் வைத்துக் கொண்டு போயிருந்தேன். அப்படியே கொடுக்கத்தான் எண்ணம். மகள் ஒரு சதுரத் துணியில் வைத்து நான்கு முனையையும் முடிந்து அழகாகக் கட்டினாள். ஃபுரோஷிக்கி என்கிறார்கள். நம் ஆச்சிமார்கள் முந்தானையில் முடிவது போலத்தான். நான் போய்ச் சேர்ந்த நேரமும் பொருத்தம். ஜூலையில் அங்கே "ஒச்சூகென்" என்று, கடன்பட்டவர்களுக்கும் மரியாதைப்பட்டவர்களுக்கும் அன்பளிப்பு அனுப்பும் பருவம். நமக்கு ஆடிச்சீர் வரும் அதே நாட்கள். கடைகளில் அதற்கென்றே தனித் தளம் ஒதுக்கியிருந்தார்கள்.

இரண்டாம் நாள் சாயந்திரம் கீழே போனோம். அவர்கள் வீட்டில் ஒரே ஒரு தாத்தாமி அறை. மூலையில் என் குத்துவிளக்கு. துடைத்துத் துடைத்துப் பளபளவென்று நின்றது, ஒரு நாளும் ஏற்றிய தடம் இல்லை. நான் அதைப் பார்க்காதது போல உட்கார்ந்தேன்.

இரண்டு கையாலும் மூட்டையை நீட்டினேன். அந்த அம்மாள் குனிந்து வாங்கிப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். பிரிக்கவில்லை. மகள் ஏதோ சொன்னாள், எங்கள் ஊர்ப் புல் என்று சொல்லியிருப்பாள் போலிருக்கிறது. சற்று யோசித்துவிட்டுப் பிரித்தார். தடுக்கை எடுத்தவர் வேலைப்பாட்டைப் பார்க்கவில்லை. முகத்துக்கு நேரே கொண்டுபோய் மோந்து பார்த்தார். பிறகு கணவர் பக்கம் நீட்டினார். அவரும் மோந்தார். புதுத் தாத்தாமிக்கும் இப்படி ஒரு பச்சை வாசனை உண்டாம். அவர்கள் அறைப் பாயில் அது போய்ப் பல வருஷம் ஆகிறதாம்.

அந்தப் பெரியவரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அதிகம் பேசாதவர். நான் சரித்திர வாத்தியார் என்று தெரிந்ததும் "இந்திரா" என்றார். நான் பிரதமர் என்று நினைத்தேன். அவர் கையைத் தும்பிக்கைபோல் ஆட்டிக் காட்டினார். பிள்ளைகளே, பழைய மாணவர்களுக்கு நினைவிருக்கும், நேரு பாடம் நடத்தும்போது நான் தவறாமல் சொல்லும் யானைக் கதை. 1943-ல் போர்க்காலத்தில் டோக்கியோ உவேனோ மிருகக்காட்சிசாலையின் யானைகளைப் பட்டினி போட்டுச் சாகவிட்டார்கள். போர் முடிந்ததும் அந்த ஊர்க் குழந்தைகள் எங்களுக்கு ஒரு யானை வேண்டும் என்று நேருவுக்குக் கடிதம் எழுதினார்கள். 1949 செப்டம்பரில் மகளின் பெயரை வைத்து ஒரு யானையை அனுப்பினார் நேரு, இந்தியக் குழந்தைகள் ஜப்பான் குழந்தைகளுக்குக் கொடுப்பது என்று சொல்லி. 1983 வரை அது அங்கே இருந்தது. இத்தனை வருஷமாகப் புத்தகத்தில் படித்ததைச் சொல்லிக்கொண்டிருந்த எனக்கு முன்னால், ஏழு வயதில் வரிசையில் நின்று அந்த யானையைப் பார்த்தவர் உட்கார்ந்திருந்தார். அப்பா தோளில் ஏற்றிக் காட்டினாராம். என்ன சாப்பிடும் என்று கேட்டாராம். அவருக்கு அன்று பசியாம், அதனால்தான் அந்தக் கேள்வி நினைவிருக்கிறது என்றார்.

இனி எழுதப்போவதை எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

என் பெட்டியில் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் இருந்தது. உப்பு நார்த்தங்காய். வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாமல் போனால் தயிர்ச்சோற்றுக்கு இருக்கட்டும் என்று எனக்காக எடுத்துப் போனது. என் வீட்டுக்காரி 2021 கோடையில் மொட்டைமாடியில் உலர்த்திப் போட்ட கடைசி நார்த்தங்காய் அது. கறுத்துச் சுருங்கி, பாட்டிலில் பாதிக்குக் கீழே வந்துவிட்டது. நான் அளந்து அளந்துதான் தின்பேன்.

ஜூலை கடைசியில் ஒரு நாள் கீழ்வீட்டு பால்கனியில் அந்த அம்மாள் மூங்கில் தட்டில் சிவப்புப் பழங்களைப் பரப்பிக் காயவைத்துக்கொண்டிருந்தார். உமே என்ற புளிப்புக் காய். ஜூனில் உப்பில் போட்டு, ஒருவகைச் சிவப்பு இலையோடு ஊறவைத்து, ஜூலைக் கடைசி வெயிலில் மூன்று நாள் உலர்த்துவது. திருப்பிப் போடும் விதமும் மேகத்தைப் பார்த்துக் கண்ணைச் சுருக்கும் விதமும் எங்கள் வீட்டு மொட்டைமாடியேதான். நான் மேலே போய் நார்த்தங்காய் ஒன்றை எடுத்து வந்து நீட்டினேன். ஓரத்தைக் கடித்தார். கண்ணை இறுக்கி மூடினார். பிறகு மகளைக் கூப்பிட்டு, இது எந்த வருஷத்தது என்று கேட்கச் சொன்னார். விலை கேட்கவில்லை, பெயர் கேட்கவில்லை. எந்த வருஷத்தது, யார் போட்டது.

மகள் சொன்னாள். எனக்கு ஜப்பானிய மொழி தெரியாது. "ஒகாசான்" என்ற ஒரு சொல் மட்டும் புரிந்தது. அம்மா.

கிளம்புவதற்கு நாலு நாள் முன்பு அந்தப் பாட்டிலைக் கீழே கொடுத்துவிட்டு வந்தேன். துணியில் கட்டவில்லை. மாடியேறும்போது, ஒன்றிரண்டு எனக்கு வைத்திருக்கலாமோ என்று தோன்றியது உண்மை. மகள் ஒன்றும் சொல்லவில்லை. அன்று ராத்திரி எனக்குத் தயிர்ச்சோற்றுக்குக் கத்திரிக்காய் வதக்கி வைத்தாள்.

புறப்படும் அன்று காலை அந்த அம்மாள் மேலே வந்தார். கையில் அதே ஹார்லிக்ஸ் பாட்டில், நன்றாகக் கழுவி, போன வருஷத்து உமேபோஷி நிரப்பி. காலிப் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்பது அங்கேயும் உண்டா என்று மகளிடம் கேட்கச் சொன்னேன். கேட்டாளா இல்லையா தெரியவில்லை, இரண்டு பேரும் அழுதுகொண்டிருந்தார்கள். டாக்சிக்காரர் கீழே காத்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்து மொய் நோட்டை எடுத்து, என் வீட்டுக்காரி கையெழுத்து முடிகிற பக்கத்துக்கு அடுத்த பக்கத்தில் அந்த அம்மாள் பெயரைத் தமிழில் எழுதினேன். தொகை என்ற இடத்தில் என்ன போடுவது என்று தெரியாமல் விட்டிருக்கிறேன்.

பாட்டிலில் இன்னும் ஒரு பதினைந்து பழம் இருக்கும். புளிப்பு என்றால் சாதாரணப் புளிப்பு இல்லை, தாடை கூசும். தைரியம் உள்ளவர்கள் சாரல் நிற்பதற்குள் வாருங்கள். ஒருத்தருக்கு ஒன்றுதான்.